அச்சகத்தின் பெயரைக்கூட வாசித்த டீச்சர்

"பாய், அதுக்குக் கீழயும் ஏதோ எழுதியிருக்குங்க. படிக்கட்டுங்களா?"

பழனியம்மாள் டீச்சர் இப்படிக் கேட்டபோது நான் பலகைக்குப் பக்கத்தில் குச்சியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகை அது. மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு எழுத்து. கீழே வர வரச் சிறுத்துக்கொண்டே போய், கடைசி வரியில் கடுகு கடுகாக நிற்கும். அந்த வரியைத் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டால் பார்வை முழுசு என்று பொருள். அதற்கும் அடியில், பலகையை அச்சடித்த அச்சகத்தின் பெயர் இருந்தது. வருடக்கணக்கில் அதைத் தோளில் சுமந்த எனக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது.

அவர் வாசித்தார். அச்சகம் இருந்த ஊரின் பெயரையும் சேர்த்து வாசித்தார்.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பலாப்பழம் அறுத்த பிசுக்கோடு ஒரு அம்மா தட்டியதால் அவருடைய இரண்டு கைகளும் ஒட்டிக்கொண்டன. அதற்கும் ஒரு சிரிப்பு.

"டீச்சர், உங்க கண்ணை நான் பாக்கறதா? உங்களக் கூட்டிட்டுப் போயி என் கடையில ஒக்கார வச்சா, நான் வூட்டுல படுத்துத் தூங்கலாம் போல இருக்கே!" என்றேன்.

அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "அது சரிங்க பாய். ஆனா நடக்கையில ஆளுங்க மேல இடிச்சுக்கறனே, அது ஏனுங்க?" என்று கேட்டார்.

நான் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

புண்ணியம் என்று ஒருவர் சொன்னார்

பச்சைமலைக்கு முதன்முதலாகப் போன கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு பெரியவர் ஃபோனில் பேசினார். "எத்தனை பேருக்குக் கண்ணத் தொறந்து விட்டிருக்கீங்க! உங்க புள்ளைகுட்டிங்க நல்லாயிருக்கும்" என்றார்.

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை. என் மனைவி மைமூன் தட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "நல்லதை மட்டும் எழுதிட்டு இருந்தா இப்படித்தான் தொண்டைய அடைக்கும்" என்றாள். அவள் பேசுவது குறைவு. பேசினால் அது தையல் ஊசி மாதிரிதான் இருக்கும்.

அதனால் இந்த வாரம் பழனியம்மாள் டீச்சரைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் எனக்குப் புண்ணியம் என்று ஃபோன் செய்ய மாட்டீர்கள்.

கண்ணாடி பாய்

எனக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிகாடு. எங்கள் தெருவில் மீசை முளைத்தவனுக்கு அடுத்து பாஸ்போர்ட் முளைக்கும். நானும் ஷார்ஜாவுக்குப் போனேன். ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. நாளெல்லாம் மெஷின் சத்தம், விரலிடுக்கில் வெள்ளை மாவு. சில வருடம் கழித்து முன்னறைக்கு வந்து, பலகையைக் காட்டி பவர் பார்க்கவும் பழகிக்கொண்டேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர், "எழுத்து தெரியலன்னா லென்ஸ மாத்து, தெரிஞ்சா ஆளை அனுப்பு" என்பார். என்னுடைய படிப்பு மொத்தமும் அதுதான்.

ஊர் திரும்பிப் பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டேன். பருத்திக்காரர்கள், மக்காச்சோளக்காரர்கள், அரியலூர் பக்கத்து சிமெண்டு லாரி டிரைவர்கள் என்று கடைக்கு எல்லோரும் வருவார்கள். வரதராஜன்பேட்டையிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளைப் பையன், பார்வை பளிங்கு மாதிரி இருந்தும், பொண்ணு வீட்டுக்காரர்கள் படித்தவன் என்று நினைக்க வேண்டும் என்று வெறும் கண்ணாடி கேட்டு அடம்பிடித்தான். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பெண் வந்து, "இதக் கழட்டச் சொல்லுங்க, மாமா தூங்கும்போதுகூட போட்டுக்கறாரு" என்று புலம்பினாள்.

கலியமூர்த்தி சார் அறிமுகமானதும் அந்தக் கடையில்தான். ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கண்ணாடிக்கு ஸ்க்ரூ போட வந்தவர், போட்டு முடிப்பதற்குள் என்னை மலையேற ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். பச்சைமலை மேலே உள்ள சிற்றூர்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். "புள்ளைங்களுக்கு எழுத்து நான் தர்றேன். அது தெரியறதுக்குக் கண்ணு நீங்க தாங்க, பாய்" என்றார். இப்படிப் பேசினால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். அரும்பாவூர் வரைக்கும் பஸ், அப்புறம் ஜீப், ஜீப் முக்கி நிற்கும் இடத்திலிருந்து நடை. குச்சிக்கிழங்குக் காடும் முந்திரியுமாக வழி ஏறும். மலைக்காரர்கள் எனக்குக் கண்ணாடி பாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சந்தோஷமான நாட்கள்தான், பொய் சொல்லக் கூடாது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட ஒரு மாமியார், முதல் வேலையாக மருமகள் புடைத்து வைத்திருந்த அரிசியைப் பார்த்து, "அடிப்பாவி, இத்தன நாளா இந்தக் கல்லையெல்லாமா நான் தின்னேன்!" என்று கத்தினார். மருமகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடுத்த ஞாயிறு எனக்கு அந்த வீட்டில் காப்பி கிடைக்கவில்லை.

தோற்றவர்களுக்கு மட்டும் வண்டி

ஒரு விதி வைத்திருந்தேன். அது என்னுடையதுதான், கலியமூர்த்தி சாருக்கு அதில் பங்கில்லை.

மாதம் ஒருமுறை திருச்சியில் உள்ள கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் போகும். இடம் கொஞ்சம், ஆள் அதிகம். நான் வர்றேன், நீ வர்றே என்று சண்டை வரும். சண்டையைத் தீர்க்க நான் பலகையை நடுவராக்கினேன். பலகையில் தோற்றவருக்குத்தான் வேன். ஜெயித்தவர் வீட்டுக்குப் போகலாம். இதைவிட நேர்மையாக ஒரு ஏற்பாடு உண்டா என்று எனக்கே என்மேல் மரியாதை.

பழனியம்மாள் டீச்சர் அந்த மலையிலேயே பிறந்தவர். கீழே விடுதியில் தங்கி பன்னிரண்டாவது வரை படித்து, திரும்ப அதே ஊருக்கு வாழ வந்தவர். அந்த ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. கீழே இருக்கும் பள்ளிக்கு ஓடை தாண்டி, காடு தாண்டி நடக்க வேண்டும். அதனால் கலியமூர்த்தி சார் ஒரு கொட்டகை போட்டு டீச்சரிடம் ஒப்படைத்திருந்தார். டீச்சருடைய மகள் கௌசியும் அங்கேதான் படித்தாள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்து என்றால் அந்த ஒரு பெண்மணிதான்.

அச்சகத்தின் பெயரை வாசித்த அன்றோடு அவருடைய முறையீடு நிற்கவில்லை. ஒவ்வொரு முகாமிலும் வரிசையில் வந்து நிற்பார்.

"பக்கத்துல வர்ற புள்ள தெரிய மாட்டேங்குதுங்க பாய். திடுக்குன்னு முன்னாடி வந்து நிக்குது."

பலகையைக் காட்டுவேன். கடகடவென்று கடைசி வரி வரை வாசிப்பார். ஒருமுறை நெற்றிப்பொட்டு வலிக்கிறது என்றார். பேருக்கு ஒரு கால் பவரில் நீல ஃபிரேம் கண்ணாடி ஒன்று கொடுத்தேன். நெற்றியில் வீக்கத்தோடு வந்த அன்று, "நெலப்படியில இடிச்சுக்கிட்டேங்க. எனக்கும் வேன்ல ஒரு எடம் குடுங்க. டாக்டரம்மாவப் பாத்துட்டு வந்துடறேன்" என்று கேட்டே விட்டார்.

எனக்கு எரிச்சல் வந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை, வரிசையில் இன்னும் ஆள் நின்றது. அதெல்லாம் சாக்குத்தான்.

"என்னா டீச்சர் இது? சோத்துல கை வைக்கத் தெரியாத கெழவன் அங்க நிக்கிறான். அச்சாபீஸ் பேரு வரைக்கும் படிக்கிற உங்களுக்கு எடமா? கண்ணுல கொறையே இல்ல. நடையிலதான் கொறை. தரையப் பாத்து மெதுவா நடங்க, போங்க."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று வருடம் இப்படிப் போயிற்று.

நேர் வரிசை

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதவே கூசுகிறது.

மற்ற ஊர்களில் பிள்ளைகள் டீச்சரைச் சுற்றி வட்டமாக உட்கார்வார்கள். பழனியம்மாள் டீச்சரும் முதலில் அப்படித்தான் உட்கார வைத்தார். பிறகு திடீரென்று ஒருவர் பின்னால் ஒருவராக, ஒரே நேர்கோட்டில், கொட்டகையின் வாசல் வரைக்கும் உட்கார வைத்தார். கோட்டை விட்டு யாராவது நகர்ந்தால் கோபம் வந்துவிடும். "நேரா ஒக்காரு! எனக்கு நேரா வா!" என்று சத்தம் போடுவார்.

எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. என்ன ஒழுங்கு, என்ன கட்டுப்பாடு! மற்ற சிற்றூர்களுக்குப் போய், "பழனியம்மா டீச்சர் கிட்ட போயிப் பாத்துட்டு வாங்க. புள்ளைங்கள எப்படி ஒக்கார வைக்கணும்னு தெரிஞ்சுக்கலாம்" என்று வேறு பிரசங்கம் செய்தேன். இரண்டு ஊர்களில் என் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளை அதேபோல் வரிசையாக உட்கார வைத்தார்கள்.

பக்கத்திலிருந்து வந்த விரல்

மழை விட்ட ஒரு காலையில் திருச்சி ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே மலைக்கு வந்திருந்தார். சேற்றில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு கொட்டகை வாசலில் நின்று, டீச்சர் வருகைப் பதிவு எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் டீச்சர் தலை முழுவதையும் திருப்பித் தேடிக்கொண்டிருந்தார்.

"அவங்க ஏன் கோழி பாக்குற மாதிரி பாக்குறாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பழக்கம்ங்க. கண்ணு ஃபர்ஸ்ட் கிளாஸ். நானே பாத்திருக்கேன்" என்றேன். நானே என்பதை அழுத்திச் சொன்னேன்.

டாக்டரம்மா உள்ளே போனார். டீச்சரை ஒரு கட்டையில் உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்தார். "ஒரு கண்ணப் பொத்திக்கங்க. என் மூக்கையே பாருங்க. என் விரலு எப்ப தெரியுதோ அப்ப சொல்லுங்க" என்று, டீச்சரின் காதுக்குப் பக்கத்திலிருந்து ஒரு விரலை ஆட்டியபடியே மெதுவாக முன்னால் கொண்டுவந்தார்.

எனக்கு அந்த விரல் முதலிலேயே தெரிந்தது. சுற்றி நின்ற பிள்ளைகளுக்கும் தெரிந்தது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. விரல் கன்னத்தைத் தாண்டியது. இன்னும் சொல்லவில்லை. கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்தபோதுதான், "இப்ப தெரியுதுங்க" என்றார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவருக்கு நேரே இருப்பது மட்டும்தான் தெரிகிறது, அதனால்தான் பிள்ளைகளை நேரே உட்கார வைத்திருக்கிறார். ஒழுங்கு என்று நான் ஊர் ஊராகப் புகழ்ந்தது, பார்வை போய்க்கொண்டிருந்த ஒரு பெண் தன் பிள்ளைகளைத் தொலைத்துவிடக் கூடாதே என்று கண்டுபிடித்த வழி.

"எத்தன நாளா இப்படி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மூணு வருசமா பாய்கிட்ட சொல்லிக்கிட்டுத்தானுங்க இருக்கேன்" என்றார் டீச்சர். கோள் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவன் எழுதியது

கண் நீர் அழுத்த நோய் என்று சொன்னார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரிக்கும். ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்ளே வரும், நடுப் பார்வை கடைசி வரை தங்கும். அதனால்தான் என் பலகையை அவர் கடைசி வரி வரைக்கும் வாசித்திருக்கிறார். போன நரம்பு திரும்ப வராது என்றும், மிச்சம் இருப்பது மிகக் கொஞ்சம், சொட்டு மருந்துக்கு அடங்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆரம்பத்துலயே வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாம், பாய். உங்களத் திட்டறதுக்குச் சொல்லல. இனிமே இப்படி யாராவது சொன்னா பலகையப் பாக்காதீங்க, இங்க அனுப்புங்க. டீச்சரோட பொண்ணையும் ஒரு தடவ கூட்டியாங்க. இது குடும்பத்துல வரும்" என்றார்.

திரும்பி வரும்போது வேனில் டீச்சர் என் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். துறையூர் தாண்டியது. அப்புறம், "எதனாலங்க பாய் எனக்கு இப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். மற்றவர்கள் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டதால், வேனில் எங்கள் இருவரையும் டிரைவரையும் தவிர யாருமில்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் வெளியே பார்த்தபடி, "எல்லாம் அவன் எழுதுனது, டீச்சர். நம்ம கையில என்ன இருக்கு?" என்றேன்.

"ஆமாங்க. நம்ம கையில என்ன இருக்கு" என்று அவரும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மைமூனிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தொழுகைக்கு முக்காடு போட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப உங்க தப்பத் தூக்கி அல்லாஹ் தலையில வச்சுட்டு வந்துட்டீங்க" என்றாள். அன்று என்னால் அவளுக்கு முன்னால் நின்று தொழுகை நடத்த முடியவில்லை.

மிச்சப் பார்வையை வைத்துக்கொண்டு டீச்சர் இரண்டு வருடம் பாடம் நடத்தினார். பிறகு அந்தப் பார்வையும் போய்விட்டது. வேறு யாரும் அந்த ஊருக்கு வந்து தங்கச் சம்மதிக்கவில்லை. கலியமூர்த்தி சாரும் இறந்துபோனார். கொட்டகையில் இப்போது குச்சிக்கிழங்கு மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். அந்த வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகளில் சிலர் காடு தாண்டி நடந்து படித்தார்கள். நிறையப் பேர் நின்றுவிட்டார்கள். ஒருவனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். திருப்பூர் பஸ் எது என்று படிக்கத் தெரியாமல் என்னிடமே கேட்டான்.

கௌசி

கௌசியைக் கூட்டிவரச் சொன்னார்கள் அல்லவா? நான் கூட்டிப் போகவில்லை.

மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. அவளைக் கூட்டிப் போனால், நோய் இருந்தால், மருந்து கொடுப்பார்கள். மருந்து கொடுத்தால், முதலிலேயே வந்திருந்தால் தன் கண்ணும் நின்றிருக்கும் என்று டீச்சருக்கு விளங்கிவிடும். அந்தப் பயம்தான். தாயின் கண்ணைக் கெடுத்தவன், தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள மகளின் கண்ணையும் பணயம் வைத்தேன். இதற்கு மன்னிப்பு கேட்கக்கூட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

கௌசி கலைக்கல்லூரியில் சேர்ந்து, குரும்பலூரில் ஒரு வீட்டில் தங்கிப் படிக்க வந்தாள். ஒருநாள் என் கடைக்கு வந்தவள், வாசலில் இருந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டாள். ஸ்டூல் கொஞ்சம் வழியில்தான் கிடந்தது. யாராக இருந்தாலும் இடித்திருப்பார்கள். ஆனாலும் எனக்கு டீச்சரின் நெற்றி வீக்கம்தான் ஞாபகம் வந்தது. கடையைச் சாத்தினேன். மறுநாளே மலைக்கு ஆள் அனுப்பி டீச்சரையும் வரவழைத்து, மூவருமாகத் திருச்சிக்குப் போனோம்.

அதே டாக்டரம்மா, தலை நரைத்திருந்தார். நான் கௌசிக்குப் பக்கத்தில் நின்றேன். டீச்சர் பெஞ்சில் இருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியதிலிருந்து வழிக்கு என் குடையின் முனையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வந்தார். இப்போதும் அது அவர் கையில் இருந்தது.

"ஆரம்பம்தான்" என்றார் டாக்டரம்மா. "அழுத்தம் கொஞ்சம் கூட இருக்கு. நரம்புக்கு ஒண்ணும் ஆகல. தெனம் ஒரு சொட்டு விடணும், விடாம வந்து காட்டணும். இவ பாட்டுக்குப் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பயப்பட ஒண்ணுமில்ல."

கௌசி அழுதாள், சிரித்தாள். மருந்தை வாங்கி வந்து அம்மாவின் கையில் வைத்தாள்.

டீச்சர் குடையைப் பெஞ்சில் வைத்துவிட்டு அந்தக் குப்பியைத் தடவிப் பார்த்தார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மூடியைத் தடவினார், அடியைத் தடவினார். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினார்.

"பாய்" என்றார்.

"சொல்லுங்க டீச்சர்."

"நான் ஒங்க கிட்ட மொத மொத சொன்னனே, அப்பவே இது கெடச்சிருந்தா, எனக்கும் கண்ணு நின்னிருக்குமா?"

கௌசி என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"நின்னிருக்கும் டீச்சர்" என்றேன். "நீங்க வேன்ல எடம் கேட்டீங்க. நான்தான் குடுக்கல. அன்னைக்கு உங்க கிட்ட சொன்னது பொய்யி. அவன் எழுதுனது இல்ல. நான் பண்ணுனது."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தலையை மட்டும் இரண்டு முறை ஆட்டினார், பலகைக்கு முன்னால் நான் திட்டியபோது ஆட்டிய மாதிரியே. குப்பியை மகளின் கையில் திருப்பிக் கொடுத்து, "ஒரு நாளும் விட்டுடாத" என்றார்.

பிறகு எழுந்து நின்றார். நான் வந்தபோது போலவே குடையை எடுத்து முனையை அவர் கைப்பக்கம் நீட்டினேன். விரலில் அது பட்டது. அவர் பிடிக்கவில்லை.

"கௌசி" என்றார், "நீ வந்து என்னக் கூட்டிட்டுப் போ."